வளைச்சுப்பார் கடை

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. காலை நீட்டிக்கொள்ள வேண்டுமானால் நீட்டிக்கொள்ளுங்கள். கதை கேட்கிறவர்கள் காலை மடக்கித்தான் உட்கார வேண்டும் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. இன்றைக்கு உங்களுக்கு ஒரு கோபக் கதை சொல்லப்போகிறேன். இதில் ராஜா ராணி கிடையாது, பூதம் கிடையாது. பூதத்தைவிட மோசமான ஒரு நல்ல மனிதர் வருவார், அவ்வளவுதான். கேட்டு முடித்ததும் உங்களுக்கும் கொஞ்சம் வயிறு எரிந்தால், நான் சரியாகச் சொல்லியிருக்கிறேன் என்று அர்த்தம்.

இது என் நாத்தனாரின் கதை. தெருவில் அவளுக்கு வெடியக்கா என்று பேர். திரியைக் கிள்ள வேண்டாம், பக்கத்தில் போய் நின்றாலே போதும். அவள் வீட்டுக்காரருக்கு வளைச்சுப்பார் என்று பேர். அவர் வெடிக்கவே மாட்டார். அடுப்பில் வைத்தாலும் கொதிக்காத தண்ணீர் என்று என் மாமியார் மருமகனைப் பற்றிச் சொல்வது உண்டு. இரண்டு பேருமாகச் சேர்ந்து தூண்டில் சாமான் கடை ஒன்று வைத்திருந்தார்கள்.

கடையைக் கண்ணால் பார்த்தால்தான் உங்களுக்குக் கோபம் ஒழுங்காக வரும். மருந்துக் கடைக்கும் சாவி வெட்டுகிறவர் கடைக்கும் நடுவில் சொருகி வைத்தாற்போல இருக்கும். அகலம் கிடையாது, நீளம்தான். எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டும். இடது சுவரில் தூண்டில் கம்புகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உயரவாரியாக நிற்பதுபோல நிற்கும். வலது சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். எந்த இழுப்பறையில் என்ன இருக்கிறதோ அதில் ஒன்றை வெளியே முகப்பில் கட்டித் தொங்கவிட்டிருப்பாள் வெடியக்கா. முள்ளென்றால் முள், ஈயக்குண்டென்றால் ஈயக்குண்டு, தக்கையென்றால் தக்கை. எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டாம், பார்த்தால் போதும். உள்ளே நுழைந்ததும் ரப்பர் வாசமும் எண்ணெய் வாசமும் ஈரக் கயிற்று வாசமும் ஒன்றாக மூக்கில் ஏறும்.

பின்சுவரில் இடுப்பு உயரத்தில் ஓர் இரும்பு வளையம். அவருக்கு அந்தப் பேர் வந்ததே அதனால்தான். கடை வைத்த புதிதில் ஒருத்தர் ஒரு கம்பு வாங்கிப்போனார். முதல் பெரிய மீனைத் தூக்கும்போதே அது நடுவில் ஒடிந்து, ஒடிந்த முனை அவர் புருவத்தைக் கிழித்துவிட்டது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்ல காலம். அன்றைக்கே இவர் சுவரில் வளையத்தை அடித்தார். அதற்குப் பிறகு யார் கம்பு வாங்கினாலும், ரீலிலிருந்து நரம்பை, அதாவது தூண்டில் நூலை, இழுத்துக் கம்பின் கண்ணிகள் வழியாகக் கோத்து அந்த வளையத்தில் கட்டுவார். கம்பை வாங்குகிறவர் கையில் கொடுத்து, வாசல் பக்கமாக நின்று மெல்லத் தூக்கச் சொல்வார். கம்பு வில்லாக வளையும். இவர் குனிந்து, வளைவைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே காதை அதன்மேல் வைப்பார். உள்ளே கீறல் இருந்தால் நறநறவென்று சன்னமாக ஒரு சத்தம் வருமாம். சில கம்புகள் அங்கேயே ஒடிந்ததும் உண்டு. ஒடிந்தால் நஷ்டம் கடையோடு. வாங்க வந்தவருக்கு வேறு கம்பு. “வளைச்சுப் பாக்காம வாசல் தாண்டக் கூடாது” என்பது அவர் வைத்த சட்டம்.

சாவிக்காரருக்கு இதில் ஒரு கிண்டல். கட்டிக்கொள்வதற்கு முன்னால் அக்காவையும் வளைத்துப் பார்த்தீர்களா என்று ஒருநாள் கேட்டாராம். “பாத்தேன். வளையல. அதனாலதான் தைரியமா கட்டிக்கிட்டேன்” என்றாராம் இவர். வெடியக்கா அதைக் கேட்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அதையே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

இப்படி இருந்த கடைக்குத்தான் சனி பிடித்தது.

முதலில் வந்தது புறவழிச் சாலையில் பெரிய கடை. விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தலாம், அவ்வளவு பெரிய கொட்டகை. கூடாரம், சைக்கிள், ஓடுகிற செருப்பு, ஓடாத செருப்பு எல்லாம் விற்றுவிட்டு, கடைசி மூலையில் தூண்டில் சாமானும் விற்றார்கள். அதற்குப் பின்னால் வந்தது கைபேசி. படுத்த வாக்கில் ஒரு விரலால் தட்டினால் கம்பு வீட்டுக்கு வந்துவிடும். வாங்குகிறவர்கள் அங்கே போனார்கள். போகட்டும், அதை நான் குற்றம் சொல்லவில்லை. காசு அவரவர் காசு. ஆனால் வாங்க அங்கே போனவர்கள் வளைத்துப் பார்க்க இங்கே வந்தார்கள். அதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

ஒருத்தர் வருவார். அரைநாள் நிற்பார். எந்த மீனுக்கு எந்தக் கம்பு, எந்தக் கம்புக்கு எந்த நரம்பு என்று துருவித் துருவிக் கேட்பார். நாலு கம்பை வளைத்துப் பார்ப்பார். அப்புறம் விலைச் சீட்டைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போவார். யோசனை வேறெங்கோ போய் முடியும். வளைச்சுப்பார் எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லிக்கொடுத்தார், ஒரே மாதிரி வளைத்துக் காட்டினார். வெடியக்காவால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் அப்படிப் படம் எடுத்த ஒருவரை வாசலில் மறித்து, “கால் அமுக்கறது நாங்க, கூலி அவனுக்கா?” என்று கேட்டாள். அந்த மனிதர் தெரு திரும்புகிறவரை திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வீட்டுக்காரர் அவளைக் கடிந்துகொண்டார். அவர் கடிந்துகொள்வது என்றால் தலையைக் குனிந்துகொண்டு ரீலைத் துடைப்பது. அன்றைக்கு எல்லா ரீலையும் துடைத்தார்.

வாடகை கழுத்தை நெரிக்கத் தொடங்கிய சமயம் பார்த்து, தொப்பி போட்ட ஒரு பையன் வந்தான். இணையத்தில் விற்கிற கம்பெனியின் பார்சல்காரன். கடையில் ஓர் அலமாரி வைக்க இடம் கொடுத்தால் போதும். அக்கம்பக்கத்தார் பார்சல் எல்லாம் இங்கே வந்து இறங்கும், அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள், ஒவ்வொன்றுக்கும் உங்களுக்குக் கூலி என்றான். வெடியக்கா அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திட்டினாள். எங்கள் கழுத்தை அறுக்கிற கத்தியை நாங்களே சாணை பிடித்து வைக்க வேண்டுமா என்று கேட்டாள். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வாடகைக்கு வேறு வழி இருந்தால் சொல் என்றார். அவளிடம் வழி இல்லை. வாய்தான் இருந்தது. அலமாரி வந்தது.

துணிப் பார்சல், செருப்புப் பார்சல் எல்லாம் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நீளப் பெட்டி வந்தால்தான் அடிவயிறு எரியும். நீளப் பெட்டியில் வேறென்ன வரும்? கம்புதான் வரும். அதைச் சவப்பெட்டி என்றே சொல்வாள். “இன்னிக்கு ரெண்டு சவம் வந்திருக்கு” என்பாள். வாங்க வருகிறவர் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை நீட்டுவாள். ஆனாலும் அந்த அலமாரியினால்தான் மாதா மாதம் வாடகை போயிற்று. அது இல்லாவிட்டால் கடை இல்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் எரிச்சல் இரட்டிப்பு.

இப்போது அந்த நல்ல மனிதர் வருகிறார். பல் டாக்டர். இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். கை ராசிக்காரர், அதிர்ந்து பேச மாட்டார். படிக்கிற காலத்தில் அவர் வாங்கிய முதல் கம்பு இந்தக் கடையில் வாங்கியது. பெரிய மீன் பிடிக்கப் படகில் போகப்போகிறேன் என்று சனிக்கிழமை தவறாமல் வந்தார். ஒரு கறுப்புக் கம்பு அவருக்குப் பிடித்துப்போயிற்று. அதையே திரும்பத் திரும்ப வளைத்துப் பார்த்தார். ரீலை எப்படிப் பிடிப்பது, மீன் இழுத்து ஓடும்போது நரம்பை எவ்வளவு விடுவது என்று வளைச்சுப்பார் அவர் பின்னால் நின்று, கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். வெடியக்காவே டீ போட்டுக் கொடுத்தாள். இவர் நம் ஆள், வாங்குவார் என்று அவளுக்கு நம்பிக்கை. கோபக்காரர்கள் நம்பினால் முழுசாக நம்புவார்கள், கண்ணுகளா. அதுதான் அவர்களைப் பிடித்த பீடை.

பிறகு ஒரு சனிக்கிழமை டாக்டர் வரவில்லை. அடுத்த வாரம் நடுவில் நீளப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. மேலே டாக்டர் பேர். பக்கவாட்டில் அதே கறுப்புக் கம்பின் படம்.

வெடியக்கா அன்றைக்கு வெடிக்கவில்லை. பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டுப் போய் முள் இழுப்பறையைத் திறந்து, எந்தக் காரணமும் இல்லாமல் எல்லா முள்ளையும் கொட்டி மறுபடி அடுக்கினாள். வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை பெட்டியைப் பார்த்தார். அதன் நடுவில் ஏதோ கனமான சாமான் ஏறி நின்றதுபோல ஒரு நசுங்கல் இருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். வெட்கப்பட்டாரா என்று கேட்காதீர்கள். கொஞ்சம் பட்டார், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அங்கே விலை ரொம்பக் குறைவாக இருந்தது என்று யாரும் கேட்காமலே சொன்னார். பெட்டியை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார். திரும்பினார். “அண்ணா, ஒரு தடவை வளைச்சுப் பாத்துடலாமா?” என்று கேட்டார்.

இந்த இடத்தில் நான் ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன். வாங்கியது எவனிடமோ. வளைத்துக் காட்ட மட்டும் அண்ணா.

“தொடாதீங்க” என்றாள் வெடியக்கா. டாக்டரிடம் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம் சொன்னாள். “நம்ம கடைப் பொருள் இல்ல அது. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா யார் பொறுப்பு?”

“வளைக்காம எப்படிம்மா அனுப்பறது?” என்றார் அவர். “ஒடிஞ்சு மூஞ்சில அடிச்சா?”

பாருங்கள், இந்தத் தப்பை உலகத்தில் வேறு எந்தக் கடைக்காரரும் செய்யமாட்டார். அவருக்கு அந்த நேரம் கம்பு தெரிந்தது, கம்பைப் பிடிக்கிற கை தெரிந்தது, புருவம் தெரிந்தது. யாரிடம் வாங்கியது என்பது தெரியவில்லை. டாக்டரே பெட்டியைப் பிரித்துக் கொடுத்தார். இவர் நரம்பைக் கோத்து வளையத்தில் கட்டினார். டாக்டர் கையில் கம்பைக் கொடுத்துத் தூக்கச் சொல்லிவிட்டு, குனிந்து காதை வைத்தார். பாதி கூட வளையவில்லை. காது வைத்தவர் நிறுத்துங்கள் என்று கையைத் தூக்குவதற்குள், நசுங்கின இடத்துக்கு நேராகப் படாரென்று ஒடிந்தது.

வரும் வழியில் ஏதோ ஏறி மிதித்திருக்கிறது என்று பெட்டியைக் காட்டிச் சொன்னார் வளைச்சுப்பார். திருப்பி அனுப்பிவிடுங்கள், வேறு கொடுப்பார்கள் என்றும் சொன்னார். டாக்டர் தலையை ஆட்டினார். ஒடிந்ததைப் படம் எடுத்துக்கொண்டார். துண்டுகளையும் பெட்டியையும் அங்கேயே போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை படகுக்குச் சொல்லிவிட்டேனே என்று முணுமுணுத்தபடியே போனார்.

மறுநாள் சாவிக்காரர்தான் தன் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினார். கம்பெனியின் இணையப் பக்கத்தில், கடையின் பேருக்குக் கீழே ஊரே படிக்கிற மாதிரி டாக்டர் எழுதியிருந்தார். இணையத்தில் வாங்கிய கம்பை இந்தக் கடையில் பொறாமையால் வேண்டுமென்றே ஒடித்துவிட்டார்கள், யாரும் இங்கே பார்சல் எடுக்கப் போகாதீர்கள் என்று. ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றே ஒன்று. அதுவும் ஒன்று போடாமல் எழுத முடியாதாம், அதனால் போட்டது.

அதற்கடுத்துத் தொப்பிக்காரப் பையன் வந்தான், அலமாரியைக் கழற்ற. வாடிக்கையாளர் பார்சலைத் திறந்து சேதப்படுத்தியதால் இந்த இடம் நீக்கப்பட்டது என்று அவன் கைபேசிக்குச் செய்தி வந்திருந்தது. யார் நீக்கினார்கள், அவர்களிடம் நான் பேசுகிறேன் என்றாள் வெடியக்கா. அந்தப் பையன் பாவம். “எனக்கும் மேல இருக்கறவங்க மூஞ்சியே தெரியாதுக்கா. இதுல வர்றதைத்தான் செய்யறேன்” என்றான். அவனைத் திட்ட அவளுக்கு மனசு வரவில்லை. திட்டுவதற்கு ஆளே இல்லாத கோபம் எவ்வளவு பெரிய தண்டனை தெரியுமா? ஒரு நம்பர் கொடுத்தான். கூப்பிட்டால் ஒரு பெண் குரல் தேனாகப் பேசியது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. நாத்தனார் எல்லாவற்றையும் அழுத்தினாள். கடைசிவரை மனிதர் வரவில்லை.

அவள் அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள் என்றுதான் நான் நினைக்கிறேன். தாங்காமல் போனது வேறு ஒன்றை. அந்த வாரமே ஒருவர் வந்து, சின்னக் கம்பு ஒன்று, மகளுக்கு என்று வாங்கினார். வளைச்சுப்பார் பழக்கம்போல நரம்பைக் கோக்கப் போனார். அந்த மனிதர் கம்பைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். “வளைக்க வேணாங்க. அப்படியே கொடுத்துடுங்க” என்றார். அவரும் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறார். கடை வைத்ததிலிருந்து வளைக்காமல் வாசல் தாண்டிய முதல் கம்பு அது. அவர் போனபிறகு வளைச்சுப்பார் முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ரீலைக்கூடத் துடைக்கவில்லை.

வெடியக்கா ஒடிந்த கம்பின் இரண்டு துண்டையும் எடுத்தாள். செருப்பை மாட்டினாள். நேராகப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே நாற்காலி நிறைய ஆட்கள். ஒருவருக்குக் கன்னம் பூசணிக்காய், ஒருவர் வாய் நிறையப் பஞ்சு. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதா என்று கேட்டாள். “இருக்கு. என் பல்லுக்கு இல்ல, அவர் நாக்குக்கு” என்று சொல்லிவிட்டு, கம்புத் துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு நடுநாற்காலியில் உட்கார்ந்தாள். பூசணிக் கன்னக்காரருக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் வலி வந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். முகம் வெளுத்துப்போயிற்று. அக்கா, உள்ளே வாருங்கள், தனியாகப் பேசலாம் என்றார்.

“எழுதினது தனியாவா எழுதினீங்க? ஊரே படிக்கற மாதிரிதானே எழுதினீங்க. இங்கயே பேசலாம். வளைச்சுப் பாக்கலாமான்னு கேட்டது யாரு?”

டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். நான்தான் என்றார்.

“பெட்டியைப் பிரிச்சது யாரு? கம்பைக் கையில பிடிச்சுத் தூக்கினது யாரு?”

அதற்கும் அவர்தான். அப்புறம் ஏன் எழுதினார் என்று கேட்டாள். டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னதை அவள் எனக்கு அப்படியே சொல்லியிருக்கிறாள், நானும் அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். “வேற கம்பு வேணும்னு போட்டா, பொருள் எங்க ஒடிஞ்சதுன்னு கம்பெனி கேக்கும்க்கா. வர்ற வழியிலன்னு போட்டா விசாரிச்சுத்தான் வேற அனுப்புவாங்க, நாளாகும். பார்சல் எடுக்கற கடையிலன்னு போட்டா உடனே அனுப்பிடுவாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள எனக்குக் கம்பு வேணும். கடையைப் பத்தி எழுதச் சொல்லியும் கேட்டுது, கொஞ்சம் அழுத்தமா எழுதினேன். உங்களுக்கு இதனால ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்.”

கேட்டீர்களா? பகை இல்லை. கோபம்கூட இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை. எதிரி வந்து வெட்டிப்போட்டால் எதிரி வெட்டினான் என்று ஆறிக்கொள்ளலாம். நம் வீட்டு டீயைக் குடித்த மனிதர், ஒரு வரி எங்கே போட்டால் தனக்குச் சீக்கிரம் வரும் என்று பார்த்து, அங்கே போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை என்று இன்றைக்கும் தெருவில் சொல்கிறார்கள். நானும் கெட்டவர் என்று சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

வெடியக்கா எழுந்தாள். கத்தவில்லை. “எங்க பேரைப் புழு மாதிரி முள்ளுல குத்தி மீன் பிடிச்சிருக்கீங்க டாக்டர்” என்றாள். “மீன் கிடைச்சுதா?”

டாக்டர், எழுதினதை இப்போதே அழித்துவிடுகிறேன் என்று கைபேசியை எடுத்தார். ஒடிந்த கம்புக்கு வேண்டுமானால் காசு தருகிறேன் என்று எதற்கென்றே தெரியாமல் சட்டைப் பையையும் தொட்டார்.

“அழிக்க வேணாம். அழிச்சா எழுத்துதான் போகும், படிச்சவன் மண்டையில இருக்கறது போகாது. நடந்ததை எழுதுங்க. நான் கேட்டேன், நான் தூக்கினேன், அவர் ஒடிக்கலன்னு எழுதுங்க.”

எழுதுகிறேன் என்றார். எழுதினார். கடைக்குத் திரும்பிச் சாவிக்காரரைப் படிக்கச் சொன்னபோது என்ன இருந்தது தெரியுமா? தவறான புரிதல் காரணமாக முன்பு அவ்வாறு எழுதியதற்கு வருந்துகிறேன், இது நல்ல கடை என்று இருந்தது. நான், நீ, அவர் யாருமே அந்த வரியில் இல்லை. படித்தவர்களுக்குத் தப்பைச் செய்யத் தெரிகிறது; யார் செய்தார்கள் என்று தெரியாமல் எழுதவும் தெரிகிறது. “அவருக்கு என்னங்க புரியல? எல்லாம் புரிஞ்சுதானே செஞ்சாரு?” என்று வீட்டுக்காரரிடம் கேட்டாள் வெடியக்கா. போகட்டும் விடும்மா என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைக்கு அன்றைக்கு அவர் வாங்கிய திட்டு, டாக்டர் வாங்கியிருக்க வேண்டிய திட்டு.

அந்த வரியைக் கம்பெனியும் படித்திருக்கும். ஆனால் அலமாரி திரும்பி வரவில்லை. நீக்குவதற்கு ஒரு விரல் போதும்; திருப்பிச் சேர்க்க அவர்களிடம் விரல் இல்லைபோல. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த பூசணிக் கன்னக்காரர் வீக்கம் வடிந்தபின் கடைக்கு வந்தார். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். இரண்டு கம்பை வளைத்துப் பார்த்தார். விலைச் சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

வாடகை நாள் நெருங்கியது. கடையைக் காலி செய்வதா, இல்லையா என்பதுதான் கேள்வி. அந்த நேரம் பார்த்துப் பெரிய கடையிலிருந்து ஒருத்தர் வந்தார், கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு. அவர்கள் கம்பு விற்கிற மூலையில் நின்று வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம். உங்களைப் பற்றி எல்லாரும் சொல்கிறார்கள், நல்ல சம்பளம், உட்கார நாற்காலி என்றார். வளைச்சுப்பார் இரண்டு நாள் யோசித்துவிட்டு, போகிறேன் என்றார். முகம் எப்போதும்போலத்தான் இருந்தது. அவருக்கு அழத் தெரியாது.

அவர் அதைச் சொன்னபோது இரண்டு பேரும் என் வீட்டில்தான் இருந்தார்கள். வெடியக்கா கேட்டு முடித்ததும் முந்தானையை இழுத்துச் செருகினாள். அவள் முந்தானையைச் செருகினால் எனக்குப் பயம். பிறகு சொன்னாள்: “நீங்க போகக் கூடாது. நான் போறேன்.”

நீ போய் என்ன செய்வாய் என்றார் அவர். அங்கே பணம் வாங்கிப்போடுகிற மேஜைக்கும் ஆள் கேட்டிருக்கிறார்கள், விசாரித்துவிட்டேன் என்றாள். கடை வைத்திருந்தவள் இன்னொரு கடையில் சீருடை போட்டுக்கொண்டு நிற்பதா, அதுவும் அந்தக் கடையிலா என்று நானே கேட்டேன். என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணி, இவர்கிட்ட இருக்கறது கை. என்கிட்ட இருக்கறது வாய். வாயை வாடகைக்கு விடலாம், ஒண்ணும் குறைஞ்சுபோகாது. கையை விட்டுட்டா அப்புறம் கடைன்னு எதைச் சொல்றது?”

வளைச்சுப்பார் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு என் வீட்டில் துடைக்க ரீல் இல்லை. என் மேஜையைத் துடைத்தார்.

இப்போது காலையில் எழுந்து போகிறாள். நீலச் சீருடை, நெஞ்சில் அவர்கள் பேர். பொருளைக் காட்டினால் கீச்சென்று கத்துகிற பெட்டிக்குப் பின்னால் நிற்கிறாள். வாங்குகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் போய்ப் பார்த்தேன், பயமாக இருந்தது. ஒருமுறை மேலாளர் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் இயல்பாகச் சிரியுங்கள் என்று சொன்னாராம். இதுதான் என் இயல்பு, வேண்டாமென்றால் சிரிக்காமல் இருக்கிறேன் என்றாளாம். விட்டுவிட்டார்.

வளைச்சுப்பார் கடையைத் திறந்துவைத்திருக்கிறார். வருகிறவர்கள் வருகிறார்கள். பெரிய வியாபாரம் என்று பொய் சொல்ல மாட்டேன். சாயங்காலம் கடையைச் சாவிக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டுப் பெரிய கடையின் பின்வாசலுக்குப் போய் நிற்பார். அவள் வெளியே வந்ததும் முதல் வேலையாகச் சீருடையைக் கழற்றிப் பைக்குள் திணிப்பாள். அதைப் போட்டுக்கொண்டு சாலையைக்கூடக் கடக்க மாட்டாள். இரண்டு பேருமாக நடந்து கடைக்கு வருவார்கள். இரவு சாத்துகிறவரை அவள் அங்கேதான் இருப்பாள், இழுப்பறைகளுக்கு நடுவில்.

முதல் மாதச் சம்பளம் வந்த அன்றைக்கு அதை அப்படியே கொண்டுபோய் வாடகைக்குக் கொடுத்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். கால் வீங்கியிருந்தது. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். காலை அதில் வைத்துக்கொண்டு, நெடுநாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள்.

“அவன் காசுல என் கடை நடக்குது அண்ணி” என்றாள். “தெரிஞ்சா வயிறு எரிவான்.”

அவனுக்குத் தெரியாது, கண்ணுகளா. தெரிந்தாலும் எரிவதற்கு அவனிடம் வயிறு இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அவளுடைய கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டாம் என்றுதான் நானும் இருக்கிறேன். வேறு எது அவளை அந்த நீலச் சீருடைக்குள் நாள் முழுக்க நிமிர்த்தி நிறுத்தும்?

சரி, எழுந்திருங்கள், நேரமாகிவிட்டது. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் வாசலில் உங்கள் பேர் உங்களுடையதாகவே நிற்கட்டும். உங்கள் வீட்டு டீயைக் குடித்தவர்கள் உங்களைப் பற்றி நடந்ததை மட்டும் சொல்லட்டும். கோபப்பட வேண்டிய நாளில் உங்களுக்குக் கோபம் வரட்டும். வீடு திரும்புகிற நேரம் பின்வாசலில் உங்களுக்காக ஒருவர் நிற்கட்டும். பார்த்துப் போங்கள், என் கண்ணுகளா.